தண்ணீருக்குக் கட்டிய தீர்வை

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு எதிரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கம்பி கட்டும் வேலைக்கு வந்தவன் அவன். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டட வேலை கற்றுக்கொடுத்த தமிழ் நன்றாகவே பேசுவான். எந்த ஊர் தம்பி என்று ஒருநாள் கேட்டேன். மால்டா என்றான். மால்டா மாவட்டம், சரி, அதில் எந்த ஊர்? "ஊரு இல்ல அண்ணா. ஊரு தண்ணிக்குள்ள." நான் விழிப்பதைப் பார்த்து, போனை எடுத்துப் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். பழுப்பேறிய தாள்கள், ஊதா முத்திரைகள், வங்க எழுத்து. நிலவரி ரசீதுகள். நிலம் கங்கையோடு போனது 1998இல். அப்பா கட்டிய கடைசி ரசீதின் தேதி 2004. ஆறு வருடம் அந்த மனிதர் தண்ணீருக்குத் தீர்வை கட்டியிருக்கிறார்.

"தண்ணிக்குப் போய் எவனாச்சும் கிஸ்தி கட்டுவானா?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான் என்பதுதான் பிற்பாடு என்னை உறுத்தியது. மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறி வந்துவிடுகிற, ஊர்பேர் இல்லாத வடக்கத்திக் கூட்டம் என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அந்தப் பேச்சின் இன்னொரு வடிவம்தான் அந்தச் சிரிப்பு. முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொள்கிற நம்மில் பலருக்கும் அது வருகிறது. அந்த ரசீதுக்குப் பின்னால் இருநூறு வருடத்துச் சட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் படித்தேன். பிறகு அவனோடு மால்டாவுக்கும் போய்வந்தேன்.

நிலத்தை நாம் அசையாச் சொத்து என்கிறோம். பத்திர ஆபீஸ் மொழி. வங்கத்து ஆற்றங்கரையில் இந்தச் சொல் செல்லாது. அங்கே நிலம் அசையும், கரையும், சில வருடம் கழித்து எதிர்ப்பக்கம் போய் முளைக்கும். மத்தியகால வங்கத்தின் தலைநகரான கௌர் இந்த மால்டாவில்தான் கிடக்கிறது. ஆறு விலகிப்போயிற்று, 1575இல் கொள்ளைநோய் வந்தது, நகரம் காடாயிற்று. பக்கத்தில் இன்னொரு தலைநகராக இருந்த தாண்டாவை ஆறே கொண்டுபோய்விட்டது. ராஜாக்களுக்கு என்ன, அடுத்த இடம் பார்த்துக்கொண்டார்கள்.

கும்பினிக்காரன் வந்தபிறகுதான் சிக்கல். 1793இல் வங்கத்தில் ஜமீன்தார்களின் தீர்வையை என்றென்றைக்குமாக நிர்ணயித்தார்கள். ஐரோப்பியச் சிந்தனையில் ஊறிய சொத்து என்கிற கருத்து எப்படி வங்கத்தில் சட்டமாக இறங்கியது என்பதை ரணஜித் குகா 1963இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தீர்வை நிலைத்துவிட்டது. நிலம் நிலைக்கவில்லையே, என்ன செய்வது? இந்த முரணைச் சமாளிக்க 1825இல் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்க்கும் மண், ஒட்டியிருக்கும் நிலத்துக்காரனுக்கு. ஆறு திடீரென்று பாதை மாறி ஒருவன் நிலத்தை வெட்டி எதிர்ப்பக்கம் விட்டுவிட்டால், அடையாளம் தெரிகிறவரை அது பழைய உடைமையாளனுக்கே. பெரிய ஆற்றின் நடுவில் எழும்பும் திட்டுக்கு ஒரு வேடிக்கையான விதி: திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள தண்ணீரை ஆள் நடந்து கடக்க முடிந்தால் திட்டு கரைக்காரனுக்கு, முடியாவிட்டால் சர்க்காருக்கு. ஆக, ஒரு ஆளின் உயரம்தான் சொத்துரிமையின் அளவுகோல்.

1870இல் லண்டன் பிரிவி கவுன்சில், கங்கைக்கரை நிலத்தகராறு ஒன்றில் இன்னொரு படி போனது. ஆறு கொண்டுபோன நிலம் அதே இடத்தில் திரும்ப எழுந்தால் அது புதுநிலம் அல்ல, பழைய உடைமையாளனுடையதே. அவன் அதைக் கைவிட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று தீர்ப்பாயிற்று. தண்ணீருக்குள் இருக்கும் நிலத்தைக் கைவிடவில்லை என்று எப்படிக் காட்டுவது? வேலி போட முடியாது, உழ முடியாது. ஒரே வழிதான்: தீர்வை கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொள்வது. ஜமீன்தார்களுக்காக லண்டனில் பேசப்பட்ட ஒரு வாதம், நூற்றுமுப்பது வருடம் கழித்து இரண்டு பிகா நிலமிருந்த ஒரு குடியானவனின் தகரப் பெட்டிக்குள் ரசீதாகக் கிடந்திருக்கிறது. டீக்கடையில் நாங்கள் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

பழைய ஆவணங்களில் இதற்கு இரண்டு பாரசீகச் சொற்கள் உண்டு. சிகஸ்தி, உடைந்தது. பயஸ்தி, ஒட்டியது. எல்லைக்கு அந்தப்பக்கம் வங்கதேசத்தில் இந்த இரண்டு சொல்லும் பெரிய அரசியலாகவே ஆகியிருக்கின்றன. 1972இல், சுதந்திரத்தின் சூட்டோடு, ஆற்றில் போய்த் திரும்ப எழும் நிலம் இனி அரசுடையது, நிலமற்றவர்களுக்குத்தான் போகும் என்று ஆணை போட்டார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடந்தது வேறு. திட்டு யாருடையதும் இல்லை என்றானதும் தடியடி ஆட்களை வைத்திருந்தவன் கையில் போயிற்று. லட்டியால் என்று அவர்களுக்குப் பெயர். 1994இல் சட்டம் திருத்தப்பட்டது: 30 வருடத்துக்குள் நிலம் எழுந்தால் பழைய உடைமையாளனுக்கு உரிமை உண்டு. புரட்சிகரமாகத் தெரிந்தது பறிப்பாகவும், பிற்போக்காகத் தெரிந்தது ஏழைக்குக் கொஞ்சம் பிடிமானமாகவும் ஆன கதை இது. நிலவுடைமை பற்றி நம்மிடம் இருக்கும் ஆயத்த வாய்பாடுகளை வைத்துக்கொண்டு இந்த ஆற்றில் இறங்க முடியாது.

(திட்டு என்ற சொல்லை வங்கத்துச் 'சர்' என்பதற்குப் பதிலாகப் போடுகிறேன். கொள்ளிடத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரங்கம், துருத்தி என்று நம் பழைய ஊர்ப்பெயர்களும் இதைத்தான் சொல்கின்றன.)

*

மால்டாவின் உடைப்பை இயற்கைச் சீற்றம் என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். இந்த 'இயற்கை' எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கல்கத்தா துறைமுகம் மேடிட்டுக்கொண்டே வந்தது. ஹூக்ளிக்குத் தண்ணீர் வேண்டும். 1947இல் ராட்கிளிஃப் கோடு போட்டபோதே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்ததற்கு இந்தத் தண்ணீர்க் கவலை ஒரு காரணம். ஹூக்ளியின் தலைவாய் அங்கேதான் இருக்கிறது. மூன்று நாள் அங்கே பாகிஸ்தான் கொடி பறந்து, பிறகு இறங்கியது. அதே கவலைதான் 1961இல் ஃபராக்காவில் கதவணை கட்ட ஆரம்பித்தது. இரண்டேகால் கிலோமீட்டர் நீளம். கங்கையிலிருந்து வினாடிக்கு 40,000 கன அடி தண்ணீரை 38 கிலோமீட்டர் கால்வாய் வழியாகத் திருப்பி, துறைமுகத்து வண்டலை அடித்துப்போகச் செய்வது திட்டம். 1975இல் இயங்கத் தொடங்கியது.

வேண்டாம் என்று சொன்ன பொறியாளர் ஒருவர் இருந்தார். கபில் பட்டாச்சார்யா, மேற்குவங்க அரசுப் பணியில் இருந்தவர். துறைமுகம் பிழைக்காது, மேலே வண்டல் தேங்கும், மால்டாவும் முர்ஷிதாபாத்தும் அழியும் என்று எழுதினார். கைமேல் கிடைத்த பட்டம்: பாகிஸ்தான் கைக்கூலி. வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பின்னாளில் அங்கே ஜனநாயக உரிமை இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர் அவர். தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு ஒன்று தேசத்துரோகமாக மொழிபெயர்க்கப்படுவது நமக்குப் புதிதா என்ன.

ஃபராக்காவுக்கு மேலே, ஆற்றின் வலதுபக்கம் ராஜ்மஹால் மலை. கருங்கல் போலக் கெட்டியான எரிமலைப் பாறை. இடதுபக்கம் மால்டா, மணல்மேல் படிந்த வண்டல். கதவணை தடுத்த நீரில் வண்டல் தேங்கத் தேங்க, ஆறு நகர இடம் தேடும். மலையை உடைக்க முடியாது. மால்டாவை உடைக்கலாம். மாணிக்சக், காளியாசக் வட்டாரங்கள் இப்படித்தான் போயின. பஞ்சானந்தபூர் பெரிய சந்தை ஊர், போயிற்று. ஜாவ்போனா என்றொரு பஞ்சாயத்து முழுக்கவே தண்ணீருக்குள் போயிற்று. கதவணைக்குக் கீழே முர்ஷிதாபாதில் ஜலங்கி, அகேரிகஞ்ச், 2020க்குப் பிறகு சம்ஷேர்கஞ்ச்.

ஆறு உடைக்கும்போதெல்லாம் பொறியாளர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளி இன்னொரு கரை போட்டார்கள். இந்தக் கரைக்கு 'ரிட்டயர்டு' கரை என்று பெயர். பென்ஷன் இல்லாத ரிட்டயர்மென்ட். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று எண் போட்டுக்கொண்டே பின்வாங்கினார்கள். புதுக்கரைக்கு உள்ளே இருந்தவர்கள் பாதுகாக்கப்பட்ட மக்கள். பழைய கரைக்கும் புதுக்கரைக்கும் நடுவில் அகப்பட்டவர்களை ஆற்றுக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தக் கோடு எங்கே போகும் என்பதை எந்த ஆறும் தீர்மானிப்பதில்லை, ஆபீஸில் தீர்மானிக்கிறார்கள்.

பொறுப்பும் இதேபோலப் பின்வாங்கியது. 2005இல் கதவணை நிர்வாகத்தின் கரைப் பாதுகாப்பு எல்லை மேலும் கீழுமாக 120 கிலோமீட்டர். 2017இல் அதை 19.4 கிலோமீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். டில்லி மாநிலத்தைக் காட்டும், மாநிலம் டில்லியைக் காட்டும். வங்கதேசத்தோடு 1996இல் 30 வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் கோடைத் தண்ணீரைப் பத்து நாள் பத்து நாளாகக் கணக்கிட்டுப் பங்கு போட்டது. வண்டல் யார் தலையில் என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை.

*

2024 ஏப்ரலில் ஈத்துக்கு அவன் ஊர் போனபோது கூடவே போனேன். ஹவுரா போய் அங்கிருந்து வடக்கே போகும் ரயில் அந்தக் கதவணையின் மேலேயே ஊர்ந்து போகிறது. கோடை. மேல்பக்கம் மணல்திட்டுகள் ஆற்றின் முதுகெலும்பு போல வெளியே தெரிந்தன. ஜன்னலில் கை நீட்டி, "அங்க, அந்தப் பக்கம்" என்றான். தண்ணீர்தான் தெரிந்தது.

அவன் அம்மா இருப்பது கரைச்சரிவில் ஒரு தகரக் கொட்டகையில். நான் கேட்கக் கேட்க அவன் மொழிபெயர்த்தான். 1998இல் நிலம், 2003இல் வீடு. அதன்பிறகு ஏழு இடம் மாறியாயிற்று. ஆறு வீட்டை இடித்ததா என்று கேட்டேன். இல்லை, நாங்களேதான் இடித்தோம் என்றார். கரைக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடும். அடியில் இருக்கும் மணலை ஆறு அரித்துக்கொண்டு போகும், மேலே இருக்கும் களிமண் அந்தரத்தில் நிற்கும். வெள்ளம் ஏறும்போது மட்டுமல்ல, வடியும்போதும் அது பொத்தென்று விழும். வெடிப்பு வாசலுக்கு இருபது முழம் என்றால் கதவைக் கழற்ற வேண்டும். முதலில் கதவு, ஜன்னல். பிறகு கூரைத் தகரம். பிறகு செங்கல். ஊரே ஒரே வாரத்தில் செங்கல் விற்றால் என்ன விலை கிடைக்கும்? அதே வாரத்தில் வண்டி வாடகையும் படகு வாடகையும் மூன்று மடங்கு. உடைப்பில் யார் சம்பாதித்தார்கள் என்று எழுதுகிற ஆய்வுகள் குறைவு. மழைக்காலத்தில் ஆற்றில் பாறாங்கல் கொட்டும் கான்ட்ராக்டையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொட்டிய கல்லை யார் தண்ணீருக்குள் போய் எண்ணப் போகிறார்கள்?

முதல் இருப்பிடம் மகளைக் கொடுத்த வீடு. சம்பந்தி வீட்டுத் திண்ணையில் மூட்டையோடு போய் நிற்பதைப்போல அவமானம் வேறில்லை என்றார் அந்த அம்மா. ஆனாலும் அதற்காகத்தான் இரண்டாவது மகளை ஆற்றிலிருந்து பத்து மைல் உள்ளே கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆறுடைத்த வீட்டில் சம்பந்தம் செய்யத் தயங்குவார்கள், ஆகவே வரதட்சிணை கூட. பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது. அதைச் சொன்னபோது மகன் மொழிபெயர்ப்பைச் சுருக்கிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு வருட வாடகைக்கு மாந்தோப்பு ஓரம். பிறகு பள்ளிக்கூட வராந்தா. பிறகு கரை. இத்தனைக்கும் நடுவில் சோறு போட்டது பீடி. அந்த அம்மாவும் மருமகளும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று முன்ஷியிடம் வாங்கிச் சுற்றுகிறார்கள். இலையை ஓரமாக வெட்டிவிட்டு நிறைய கழித்துவிட்டான் என்று முன்ஷியைத் திட்டும்போதுதான் அவருக்குக் குரல் உயர்ந்தது. கங்கையைத் திட்டவில்லை.

மூன்று பிள்ளைகளையும் மூன்று இடத்தில் வைத்திருக்கிறார்கள். மூத்தவன் கரையில், என்றைக்காவது அரசாங்கம் வீட்டுமனை கொடுத்தால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக. நடுவன் சென்னையில், காசுக்கு. சின்னவன் படகேறி அக்கரைத் திட்டில். ஆறு கிழக்கே நகர நகர, மேற்கே விட்டுச்சென்ற இடத்தில் மண் எழும்புகிறது. அது மால்டாக்காரர்களின் பழைய நிலம்தான். ஆனால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் பீகார். 2000 நவம்பர் 15க்குப் பிறகு ஜார்கண்ட். அங்கே குடியேறியவர்களை இரண்டு மாநிலமும் மற்றதன் ஆள் என்றது. ரேஷன், பள்ளி, ஓட்டு எல்லாமே வழக்கு. உடைப்பில் அழிந்தவர்களே சேர்ந்து மால்டாவில் கட்டிய கங்கா பாங்கன் ப்ரதிரோத் ஆக்‌ஷன் நாகரிக் கமிட்டி, நிவாரணத்தோடு இந்தத் திட்டுக்காரர்களின் உரிமையையும் சேர்த்தே பேசிவந்தது.

திட்டு எழுந்தவுடன் பயிர் வராது. முதலில் வெறும் மணல். பிறகு நாணல், ஜாவ் என்கிற புதர். ஜாவ்போனா என்றாலே ஜாவ்க்காடு. பஞ்சாயத்தின் பெயரிலேயே அது ஒருகாலத்தில் எழுந்த திட்டு என்ற வரலாறு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாணல் வண்டலைப் பிடித்து வைக்கும். மேலே ஒரு சாண் வண்டல் சேர்ந்ததும் வெள்ளம் வடிந்த ஈரத்திலேயே உழாமல் உளுந்து விதைப்பார்கள். அப்போதுதான் அளவை. அப்பா உயிரோடு இருந்தவரை தாக் எண்களை, அதாவது நம் சர்வே எண் மாதிரி, மனப்பாடமாகச் சொல்வாராம். ராஜ்மஹால் மலையின் எந்த முகடு எந்தத் திசையில் தெரிந்தால் எவருடைய வயல் என்று படகில் நின்றபடி காட்டுவாராம். இப்போது அந்த எண்களை அம்மா சொன்னார். பதினொரு எண்கள், எழுதப்படிக்கத் தெரியாதவர். தன் வயல் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தார் வயலும். அவரைப் போய் 'தகவலாளி' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட என் பேனாவை என்ன செய்ய?

*

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் டெல்யூஸ்–கத்தாரியைப் படித்துவிட்டு நாடோடி என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன். நிலைத்த எல்லைகளைக் கலைப்பவன், அரசின் கோடுகளுக்குள் அடங்காதவன் என்றெல்லாம் பேசினோம். திட்டுவாசிகளைப் பற்றி யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் கொண்டாடித் தீர்த்திருப்போம். இந்தக் குடும்பம் நாடோடியாக இருக்க ஒரு நாளும் விரும்பவில்லை. அவர்கள் கேட்பது பட்டா. அரசு வரைந்த கோட்டை அரசே மறந்துவிட்ட பிறகும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். இதன் மறுபக்கம்தான் தொண்டு நிறுவன அறிக்கைகளில் வரும் 'மீள்திறன்'. ஏழைகள் எப்படியும் எழுந்துவிடுவார்களாம். ஏழுமுறை கூரையைக் கழற்றி மாட்டியதைத் திறன் என்று மெச்சினால், ஏழுமுறை கழற்ற வைத்தவனைக் கேட்க வேண்டியதில்லையல்லவா.

அவர்களைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். திட்டு எழும்போது ஆறுடைத்தவனே ஆறுடைத்தவனை அடிக்கிறான். ஷேர்ஷாபாதியா முஸ்லிம்களும் சாயி மண்டல்களும் தலைமுறை தலைமுறையாகத் திட்டில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள்; வரப்புத் தகராறு என்றால் பக்கத்தில் வாழ்ந்ததெல்லாம் மறந்துபோகும். அத்வைத மல்லபர்மனின் 'திதாஷ்' நாவலை கட்டக் 1973இல் படமாக்கினாரே, அதில் ஆறு வற்றித் திட்டு எழும்போது அது மீனவர்களுக்குக் கிடைப்பதில்லை. தடியோடு வந்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அரசின் கணக்கில் வெள்ளம் பேரிடர், புயல் பேரிடர். கரை உடைப்பு நெடுங்காலம் தேசிய நிவாரணப் பட்டியலிலேயே இல்லை. வெள்ளத்தில் வீடு போனாலும் நிலம் மிஞ்சும். எதுவுமே மிஞ்சாத இதற்குத்தான் காசில்லை. 2021–26க்கான 15ஆவது நிதிக்குழுதான் பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி, உடைப்பைத் தணிக்க 1,500 கோடி என்று தனியாக ஒதுக்கச் சொன்னது. நாடு முழுமைக்கும். அஸ்ஸாம் ஒரு மாநிலத்தில் மட்டும் 1950க்குப் பிறகு 4.27 லட்சம் ஹெக்டேர் ஆற்றில் போயிருக்கிறது. அதே அஸ்ஸாமில்தான் 2019 ஆகஸ்டில் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டார்கள். ஆறு அடித்துச் சென்ற ஊரில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவது? தகரப் பெட்டியைக் காப்பாற்றியவர்கள் தப்பினார்கள்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் மேற்குவங்கத்திலும் இங்கேயும் ஒரே சமயத்தில் தொடங்கியது. 2002 பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ உண்டா என்பது கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அந்தப் பழைய பட்டியலைப் போனில் தேடினோம். வங்க எழுத்து எனக்குத் தெரியாது, அவன்தான் படித்தான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்மா பெயர் கிடைத்தது, அப்பா பெயருக்கு அடுத்து. வாக்குச்சாவடி என்ற இடத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் பெயர். அவன் மூன்றாவது வரை படித்த பள்ளி, 2003இல் போனது. கடைக்காரர் இந்தமுறை சிரிக்கவில்லை. பட்டியலை அச்செடுத்துத் தருகிறேன் என்று எழுந்து போனார்.

அதற்குள் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னான். அக்கரைக்குப் படகில் போய்ப் பார்த்தானாம். அப்பா காட்டின பக்கத்தில் இந்த வருடம் புதுசாக ஒரு திட்டு. நாணல் முளைத்திருக்கிறதாம்.

"உளுந்து போடலாமா?" என்றேன்.

"இல்ல அண்ணா, மணலுதான். இன்னும் ரெண்டு வெள்ளம் வரணும்."